துண்டு போட ஒரு கம்பி

“இந்தக் கதவு நிலை துருப்பிடிச்சதே இவளாலதான்” என்றார் பெரியவர்.

வெல்டர் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பாத்ரூம் வாசலில் மருமகள் நின்றிருந்தாள்.

“பெயிண்ட் அடிச்சு ரெண்டு வருஷம் ஆகலை. தண்ணியை வாரி வாரி இறைச்சா இரும்பு என்னப்பா பண்ணும்? நீயே சொல்லு.”

“அதானே” என்றார் வெல்டர். அவர் வீட்டிலும் ஒரு மருமகள் உண்டு. தண்ணீர் விஷயத்தில் அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது.

குந்தி உட்கார்ந்து பார்த்தார். இரும்பு நிலையின் இரண்டு கால்களும் அடியில் அரையடிக்கு அரித்துப் போயிருந்தன. திருப்புளியால் ஒரு குத்து. பொலபொலவென்று உதிர்ந்தது.

“அடியை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சு வெல்டு பண்ணணும். மேலே சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சாப் போதும்.”

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நிலையின் இடது காலில், இடுப்பு உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து துரு ஏறியிருந்தது.

“தண்ணி இந்த உயரத்துக்குத் தெறிக்காதே. யாரோ தினமும் ஈரக் கையோட பிடிக்கறாங்க.”

“யாரு பிடிப்பா? இவதான்.” பெரியவர் முந்திக்கொண்டார். “குளிச்சிட்டு வெளியே வரும்போதே போன் அடிக்கும். அங்கேயே சாஞ்சுக்கிட்டு அரை மணி நேரம் அரட்டை.”

மருமகள் பெரியவரை ஒரு தரம் பார்த்தாள்.

“ஆமாண்ணே, நான்தான்.”

“கேட்டுக்கிட்டியா? அவளே ஒத்துக்கறா. சாயங்காலம் இவ புருஷன் வரட்டும், சொல்றேன்.”

சரியான கல்லுளிமங்கி என்று நினைத்துக்கொண்டார் வெல்டர். சாயங்காலம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

வெட்டினார். பற்றவைத்தார். தேய்த்தார். மதியத்துக்குள் நிலை புதுக் காலில் நின்றது.

மருமகள் மறுபடி வந்தாள்.

“அண்ணே, அந்தத் தேஞ்ச இடத்துல ஒரு கம்பி வேணும். துண்டு போட. ஒரு முனையை நிலையோட வெல்டு பண்ணிடுங்க. இன்னொரு முனை சுவத்துல.”

“அரை இஞ்சுக் கம்பி ஒண்ணு மிச்சம் கிடக்கு. வெச்சிடறேன்.”

“அது வேண்டாம். நல்லாத் தடியா, பைப்பா வையுங்க.”

“துண்டுக்கு எதுக்கும்மா பைப்பு?”

“ஈரத்துண்டு கனக்கும்ணே.”

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“ஏன், யானைக்குத் தலை துவட்டப் போறாளாமா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நிலையை முடிச்சிட்டு நீ கிளம்புப்பா.”

“கம்பி வைக்காம அண்ணன் கிளம்ப மாட்டார், மாமா.”

காலையிலிருந்து அவள் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

“யார் வீட்டுல யார் சட்டம் பேசறது?”

“சட்டம் இல்லை மாமா. ஈரக் கையால பிடிச்சுப் பிடிச்சு நிலையைக் கெடுக்கறது நான்தானே? கம்பி இருந்தா நிலையைத் தொட மாட்டேன். திரும்பத் துருப்பிடிக்காது.”

பெரியவர் பேப்பரைப் படபடவென்று மடித்தார்.

“எதையாவது பண்ணித் தொலை.”

ஊமை மாதிரி நின்றவள் ஒரே பேச்சில் அந்த மனுஷரை மடக்கிவிட்டாள். வெல்டருக்கு எரிச்சலாக வந்தது. நல்லவேளை, நம் வீட்டில் இருப்பவள் கத்தவாவது செய்கிறாள்.

பைப்பை அளந்து வெட்டினார். ஒரு முனையை நிலையில் பற்றவைத்தார். மறு முனைக்குத் தகடு வைத்துச் சுவரில் இரண்டு போல்ட் முடுக்கினார்.

அவள் இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு போல்ட் போடுங்கண்ணே.”

வெல்டருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, இதுல துண்டு போடப் போறியா, ஆளைத் தொங்க விடப் போறியா? எவ்வளவு வெயிட்டுதான் தாங்கணும்ங்கறே?”

அவள் ஹாலை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எழுபத்தெட்டு கிலோண்ணே. மாமாவுக்குக் கால் தடுமாறுது, வெளியே சொல்லிக்க மாட்டார். அவருக்கு இது துண்டு போடற கம்பியாவே இருக்கட்டும்.”