ஊறுகாய்க்குப் பின்னால்

சாப்பாட்டு மேசைக்குப் புதிதாக வந்த மாத்திரை டப்பாவை உப்பு ஜாடிக்குப் பிடிக்கவே இல்லை.

"இந்த வீட்டுல யாருக்கு என்ன சீக்கு?" என்று கேட்டது.

"ஒரு சீக்கும் இல்ல அண்ணே. வராம இருக்கத்தான் என்னை வாங்கியிருக்காங்க."

"வராத சீக்குக்கு மருந்தா? நல்லா இருக்குடா கதை! இன்னிக்குப் பெண் பார்க்க வர்றாங்க. உன்னைப் பார்த்தா, சீக்காளிக் குடும்பம்னு எழுந்து போயிடுவாங்க."

வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கும் அதே பயம். டப்பாவை ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். தன்னால் அவர் மகளின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று டப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

வந்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, மாத்திரை ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"நம்ம வயசுக்கு வெத்தலைபாக்கு இதுதானே," என்று சிரித்தார். "நீங்க போட்டாச்சா, சம்பந்தி?"

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் தணிகாசலத்தின் கை தானாகவே ஊறுகாய்க்குப் பின்னால் போனது.

உப்பு ஜாடி மெல்ல நகர்ந்து இடம் விட்டது.

"ஏன்டா அங்கேயே ஒளிஞ்சிருந்தே? இப்படி முன்னாடி வந்து உட்காரு."