ஈரச் சாக்கு

"ஏங்க, நில்லுங்க. அந்தச் சாக்கை எதுக்குத் தொட்டியில முக்குனீங்க?"

பிரவீணாவின் குரலுக்குப் பருத்தி வியாபாரி ஜெயசீலன் திரும்பினார். மாட்டுத் தொட்டியில் முக்கியெடுத்த காலிச் சாக்கு அவர் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அரியலூரிலிருந்து வேனில் வந்து இறங்கியவர், எடை மெஷின் ரிப்பேர் என்று வேப்பங்கிளையில் பழைய தராசைக் கட்டினார். முதல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்தார், மூட்டையைத் திரும்பக் கட்டினார், நேரே தொட்டிக்குப் போனார்.

"தடை போடத்தாம்மா," என்றார்.

கல்யாணமாகி முதல்முறை மாமனார் வீட்டுக்கு வந்திருந்த பிரவீணாவின் புருஷன் அறிவரசனுக்கு விளங்கவில்லை. "தடைன்னா?"

"மூட்டையை நிறுத்தா சாக்கோட எடையும் சேந்துடும்ல? அதைச் சரிக்கட்ட எடைக்கல்லு பக்கம் ஒரு காலிச் சாக்கைப் போடுவாங்க. அதான் தடை," என்றாள் பிரவீணா. "இவரு அதை நனைச்சுப் போட்டா, மூட்டைக்கு மூட்டை நமக்குத்தான் நட்டம்."

"தடைன்னா தடுக்குறதுதானே? இதுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சு?"

"யாரும் யாரையும் ஏமாத்தாம தடுக்குறதால வந்திருக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு. நெசமோ என்னவோ," என்ற ஜெயசீலன், பிரவீணாவின் அப்பா சிங்காரவேலுவைப் பார்த்தார்.

சிங்காரவேலு வானத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டார். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தா.பழூர் பக்கம் மழை இறங்கிருச்சு. நிறுத்து ஏத்து தம்பி, சீக்கிரம்."

"நீ சும்மா இருப்பா. வெயில்ல கெடந்து வெளைய வெச்ச பருத்தி. இப்படி வாயில்லாப் பூச்சியா இருந்தா எல்லாரும் ஏறித்தான் மிதிப்பாங்க." பிரவீணாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் திருட்டுத் தடையே வேணாம். படுதாவுல கொட்டுவோம். வெறும் பருத்தியை நிறுக்கட்டும்."

அறிவரசன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூட்டைக் கட்டில் கை வைத்தான்.

"மாப்ள, வேணாம்..." சிங்காரவேலு பதறினார். முகம் வெளுத்துவிட்டது.

ஜெயசீலன் குறுக்கே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தேவிட்டார்.

"கொட்டுனா நான் எடுக்க மாட்டேன். இந்தச் சாக்குதான் தடை. இஷ்டமில்லன்னா வண்டியைத் திருப்புறேன்."

"பாத்தியாப்பா? பட்டப்பகல்ல கொள்ளை."

"போடட்டும்மா," என்றார் சிங்காரவேலு, தலை நிமிராமல்.

எடை முடிகிறவரை பிரவீணா வாய் ஓயவில்லை. திருடன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஜெயசீலன் காதில் போட்டுக்கொள்ளாமல் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மூட்டையும் வேனில் ஏறியதும் அவள் புருஷனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிங்காரவேலு தயங்கித் தயங்கி வேன் அருகே வந்தார்.

"பொண்ணு என்னென்னமோ பேசிருச்சு. மனசுல வெச்சுக்காத தம்பி. நீயும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல."

ஜெயசீலன் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடி குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள நிக்கையில எப்படிண்ணே சொல்றது, பருத்தியில நீங்க தண்ணி தெளிச்சு வெச்சிருக்கீங்கன்னு?"