ஒரு கை தூரம்

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியதும் கலைச்செல்வன் தடுமாறி விழுந்தான்.

மனைவி புவனா ஒரு கை தூரத்தில்தான் நின்றாள். தூக்க வரவில்லை.

"கட்டுன புருசன் வுழுந்து கெடக்கான், கல்லு கணக்கா நிக்கிறியே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" முந்திரிப் பொட்டலம் விற்ற பெண் கூச்சல் போட்டாள்.

"தூணைப் புடிச்சு எந்திரிங்க அத்தான்" என்றாள் புவனா. அவ்வளவுதான்.

யாரோ இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள்.

சிறுமூளை சுருங்கும் நோய். கலைச்செல்வனின் அம்மா அதில்தான் போனார். தாய்மாமனும் அதில்தான் போனார். இப்போது இவன் முறை.

"நோய் போகாது. தள்ளாட்டம் கொஞ்சம் குறையலாம்" என்றுதான் திருச்சி டாக்டர் சொன்னார். தினமும் பின்னந்தலையில் காந்தச் சுருளை வைத்து டக் டக்கென்று மூளையைத் தூண்டினார்கள். இன்றோடு அதுவும் முடிந்தது. தள்ளாட்டம் குறையவில்லை.

"என்னையத் தொடவே அருவருப்பா இருக்கா புவனா?"

"வாய மூடிக்கிட்டு வாங்க."

புவனா சுவரை ஒட்டியே நடந்தாள், அவனைவிட்டு விலகி. சொந்த மாமன் மகள். அவளே இப்படி என்றால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? 

நிலையத்துக்கு வெளியே சுவர் முடிந்தது. எதிரே வெட்டவெளி. அதைத் தாண்டி ஆட்டோக்கள்.

"இங்கயே நில்லுங்க. நான் போயி ஆட்டோவ கூட்டியாரேன்."

போனாள். கலைச்செல்வன் பார்த்துக்கொண்டே நின்றான்.

இரண்டு காலையும் அகட்டி வைத்தாள். பிடிமானம் தேடுவதுபோலக் கைகள் காற்றில் அலைந்தன. பாதி தூரத்தில் நின்று, அங்கே நிறுத்தியிருந்த பைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நடை அவனுக்குத் தெரியும். அவளைப் பெற்ற மாமன் கடைசியில் நடந்த நடை.

"புவனா... உனக்குமா?" அவன் குரல் உடைந்தது.

அவள் திரும்பினாள். மறைக்க இனி ஒன்றுமில்லை.

"ஆடி மாசத்துலேருந்து."

"ஏன்டி சொல்லல?"

"இருந்த காசு ஒருத்தருக்குத்தான் பத்தும். சொல்லியிருந்தா நீங்க அந்த மெஷின்ல படுத்திருப்பீங்களா? என்னையில்ல படுக்கச் சொல்லி உசுர எடுத்திருப்பீங்க."

"ஒரு தடவகூட கை குடுக்கலியேடி..."

"எப்புடிக் குடுப்பேன் அத்தான்? நான் புடிச்சிருந்தா ரெண்டு பேருமில்ல வுழுந்திருப்போம்!"