காளியம்மாவின் கிட்னி

"என் கிட்னிக்கு மாத்திரை நேரம் ஆச்சு! அவரை யாராவது கூப்பிடுங்க!"

கல்யாணப் பந்தலே திரும்பிப் பார்த்தது. காளியம்மா ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீரோடு புருசன் அழகேசனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்த ஆமினா தலையில் அடித்துக்கொண்டாள். ஜெராம் டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவள். காளியம்மாவுக்கு ரொம்ப நாள் கூட்டாளி.

"நாத்தனார் கல்யாணத்துலகூட இவ பெருமைதானா? புருசனுக்குக் கிட்னி கொடுத்தா, கொடுத்துட்டுப் போறது லா! எண்பத்தஞ்சுலேர்ந்து தோட்டத்துச் சனமே கேட்டுக் காது புளிச்சுப் போச்சு!"

மணப்பெண்ணான அழகேசனின் தங்கை நவமணி சிரித்தாள்.

பெருமை அடிக்க ஆள் வேண்டுமே! வெளியே காளியம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பு இருக்கே சம்பந்தியம்மா, அது காவலுக்கு நிக்கிற ஜாகா மாதிரி. வெளியிலேர்ந்து எது வந்தாலும் அடிச்சு விரட்டும். இந்த மாத்திரைதான் அந்த ஜாகாவைத் தூங்க வைக்குது. இதை விட்டா என் கிட்னி போச்சு! பொஞ்சாதின்னா நான்தான் பொஞ்சாதி!"

"யா அல்லா! இவ வாய்க்குப் பூட்டே கிடையாதா?" என்று முணுமுணுத்த ஆமினா, நவமணியின் ரவிக்கையைப் பார்த்தாள். "இது என்ன, இடுப்புக்குக் கீழே தொங்குது? யாரு தைச்சா? மடிச்சு விடுறேன் இரு."

"வேணாம்க்கா..."

அதற்குள் மடித்துவிட்டாள்.

இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வரைக்கும் நீளமாக ஒரு தழும்பு.

ஆமினாவின் கை நின்றுவிட்டது.

"அண்ணியோடது பொருந்தலைக்கா," என்றாள் நவமணி மெதுவாக. "என்னோடதுதான் பொருந்துச்சு. ஒத்தக் கிட்னிப் பொண்ணுன்னு பேர் வந்துட்டா எவன் கட்டுவான்னு, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே அண்ணி லயத்து வீடு பூரா தான் கொடுத்ததா சொல்லிட்டாங்க."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருகிட்ட அண்ணி மொதல்லயே சொல்லிட்டாங்க. அதனால என்னன்னுட்டாரு. அவங்க அம்மா காதுக்குப் போனாத்தான் கல்யாணம் நின்னுடும்."

அந்த நேரம் பார்த்து வெளியே சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"பொஞ்சாதி கிட்னி எப்படிப் பொருந்துச்சு? எங்க ஊரு புக்கிட் ரோத்தான்ல ஒருத்தனுக்குக் கூடப்பொறந்தவன்தான் கொடுத்தான். வெட்டின தழும்பு இருக்குமே. உள்ளே வா, காட்டு பார்ப்போம்."

நவமணி ஆமினாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆமினா ரவிக்கையை இறக்கிவிட்டாள். முந்தானையைப் போர்த்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய், காளியம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, பந்தலுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தழும்பைத்தானே கேக்கிறீங்க? அல்லா மேல ஆணையா, என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்! இவளை மாதிரி ஒருத்தி இந்தச் சிலாங்கூர்லயே கிடையாது லா! ஏன் காளி நிக்கிறே? உன் கிட்னிக்கு மாத்திரை நேரமாச்சு, போய்க் கொடு!"