நாற்பதுக்குப் பதினொன்று

"அடிப்படைக் கணக்கு வகுப்பா? என் பொண்ணுக்கா?" அப்பா தாளை மேசைமேல் விசிறினார்.

முதலாமாண்டு மாணவர்களுக்கு வகுப்பு ஒதுக்கும் ஆலோசகர் அசரவில்லை. "வீட்டுலயே கம்ப்யூட்டர்ல எழுதச் சொன்ன தேர்வுதான் சார். கணக்குல நாற்பதுக்குப் பதினொண்ணு, அதனால அடிப்படை. மொழிப்பாடத்துல முப்பத்தொன்பது, அதனால உயர்நிலை."

"இருக்கவே இருக்காது. உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு. இருபது வருஷமா நான் இன்ஜினியர். கணக்கு எங்க ரத்தத்துலயே ஊறினது!"

அம்மா அவர் கையைத் தொட்டாள். "விடுங்களேன்..."

"நீ சும்மா இரு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

ஆலோசகர் பெண்ணிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அன்னிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் சார் இருந்தேன். பக்கத்து ரூம்ல டிவி பாத்துட்டிருந்தேன்."

"தேர்வு நேரத்துலயா?"

"நான் சொதப்பிடுவேனாம். அதனால கணக்கை அப்பாவே உக்காந்து எழுதினார். பாதியில ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சுன்னு எழுந்து போயிட்டார். மொழிப்பாடத்தை அம்மா எழுதினாங்க."

அப்பா சுவரில் இருந்த நாள்காட்டியைப் படிக்கத் தொடங்கினார்.

"நீ உள்ளே போய் ரெண்டையும் நீயே எழுதிட்டு வாம்மா" என்ற ஆலோசகர், இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அம்மாவின் முன் நகர்த்தினார். "மேடம், மாலைக் கல்லூரியில உயர்நிலை மொழி வகுப்புக்கு ஒரு இடம் காலியா இருக்கு."

அம்மா விண்ணப்பத்தை முழுதாகப் படித்தாள். பிறகு, கணவரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள்.