அசல் கிட்டார்

"கிட்டாரைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் போடமாட்டேன்."

மூன்றாவது முறையாகச் சொன்ன அந்த அம்மாள், வளையல்கள் சிணுங்க, காகிதத்தையும் பேனாவையும் தள்ளிவிட்டாள். பழைய கிட்டார் வியாபாரிக்கு முகம் தொங்கிப்போனது.

அவன் இருபது வருடமாகத் தேடிய எலக்ட்ரிக் கிட்டார், சாப்பாட்டு மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. சுவரில் அவளுடைய கணவரின் போட்டோ: இடுப்பு பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை பக்கிள், தோளில் இதே கிட்டார். ஒரே ஒரு இசைத்தட்டால் ஊரெல்லாம் பேர் வாங்கியவர். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அம்மா, அந்தத் தட்டுல ஐயா வாசிச்சது இதுலதான்னு நீங்க எழுதிக் கொடுத்தாதான் மவுசு. இல்லேன்னா இது வெறும் பழைய கிட்டார்."

"அப்ப பழைய கிட்டார்னு சொல்லியே வித்துக்குங்க."

மகனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா அடம் பிடிக்கிற? சார், பளபளன்னு இருக்கணும்னா நான் வேணா புதுசா பெயின்ட் அடிச்சு..."

"ஐயையோ!" வியாபாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "பாதி விலை போயிடும் சார்! மஞ்சள் பாரிச்ச இந்தப் பூச்சும், முடி மாதிரி ஓடுற இந்த வெடிப்பும்தான் சார் சொத்தே."

ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. கிழவி ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறாள்? ஒருவேளை போலியோ?

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே, கம்பியின் அதிர்வை வாங்கும் அதே பழைய பிக்கப்புகள். தொழிற்சாலையில் வைத்த சால்டரிங், யார் கையும் படாமல் அப்படியே இருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அசல்! சுத்தமான அசல்!" மூடியை மறுபடி முடுக்கிவிட்டு, கிட்டாரைத் திருப்பிப் பார்த்தான். "பின்பக்கம் பாருங்க, ஒரு கீறல் இல்ல. பெல்ட் பக்கிள் உரசி எல்லாக் கிட்டாருக்கும் முதுகு புண்ணாயிருக்கும். ஐயா கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தியிருக்கார்!"

அம்மாள் போட்டோவிலிருந்த பித்தளை பக்கிளைப் பார்த்தாள்.

முன்பக்கம், வலது முன்கை படியும் மேல் விளிம்பில், மெல்லிய வளைவான கீறல்கள் கொத்தாக இருந்தன. வியாபாரி அவற்றைத் தடவினான். "வாட்ச் உரசியிருக்கு. இந்தக் கீறலுக்குத்தாம்மா ஆளுங்க அடிச்சுக்குவாங்க. வாசிச்சவர் கை பட்ட இடம்!"

"அவர் வாட்சை இடது கையில கட்டுவார்."

வியாபாரி போட்டோவை நிமிர்ந்து பார்த்தான். ஆமாம், இடது கைதான்.

"கிட்டார் அசல்தான் தம்பி. உங்க காகிதம்தான் பொய். நாப்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும், பொய்க்குக் கையெழுத்து வேற போடணுமா?"

"என்னம்மா உளர்ற?" என்றான் மகன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டாள். வலது கையை விளிம்பின்மேல் போட்டாள். வளையல்கள் சரிந்து இறங்கி, ஒவ்வொரு கீறலிலும் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. வியாபாரி ஆயிரம் முறை கேட்டு மயங்கிய அந்தத் தட்டின் ஆரம்ப வாசிப்பு, ஒரு சுரம் பிசகாமல் புறப்பட்டு வந்தது.

"பேரை மாத்தி எழுதுங்க," என்றாள் வாசிப்பை நிறுத்தாமலே. "இப்பவே கையெழுத்துப் போடறேன்."