பன்னிரண்டும் ஐந்தும்

முதல் விடைத்தாளில் கணக்கு ஆசிரியை அதைக் கவனக்குறைவு என்றே எண்ணினாள்.

12 + 5 = 7.

இரண்டாவது தாளிலும் அதே வரி.

மூன்றாவதில், விடையின் அடியில் அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு இடப்பட்டிருந்தது.

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

குளிரூட்டப்பட்ட வகுப்பறையில் எலுமிச்சைச் சோற்றின் வாடை வெளியேற வழியின்றி நின்றது. பிள்ளைகள் மதிய உணவை அவரவர் மேசையிலேயே உண்டிருந்தார்கள். எழுந்து போய்க் கை கழுவினால் பயிற்சி நேரம் வீணாகும் என்று ஈரத்தாள் வழங்கப்பட்டிருந்தது. மஞ்சள் படிந்த அந்தத் தாள்கள் குப்பைக்கூடையிலிருந்து பிதுங்கித் தரையில் கிடந்தன.

எல்லோரும் ஆறாம் வகுப்பை முடித்தவர்கள். இந்தக் கோடை விடுமுறைக்குள் எட்டாம் வகுப்புக் கணக்கையும் முடித்துவிடுவார்கள். தனிப்பயிற்சி மையத்தின் வாசல் பலகை அப்படித்தான் வாக்களித்தது.

அவள் மையத்தின் பயிற்சி நூலைப் புரட்டினாள்.

வாரத் தேர்வின் கணக்குகள் யாவும் அந்த நூலிலிருந்தே வரும். விடைகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். முதலில் விடைகளை மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்பது அங்குள்ள முறை. போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டால் வேகம் தானாக வருமாம்.

இந்தக் கணக்கின் விடை 17.

அச்சில் 1 விழவில்லை. 7 மட்டும் இருந்தது.

பிள்ளைகள் வழியைப் பிழையின்றி எழுதியிருந்தார்கள். எக்ஸ்களை ஒரு பக்கம் சேர்த்தார்கள். எண்களை மறுபக்கம் கொண்டுபோனார்கள். குறியை மறக்காமல் மாற்றினார்கள். கடைசி வரிக்கு வந்ததும், பன்னிரண்டையும் ஐந்தையும் கூட்டி ஏழு என்று எழுதினார்கள்.

அடித்தல் இல்லை. அழித்த தடம் இல்லை.

அத்தனை பேருக்கும் அழகான கையெழுத்து.



கட்டின் அடியில், ஒரே ஒரு தாளில் 17 இருந்தது.

சஷ்மிதா.

மையத்தை நடத்தும் செங்கோட்டுவேல் தன் அறையில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார். இடையூறுக்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, அவள் அந்தத் தாளை அவர் முன் வைத்து விஷயத்தை விளக்கினாள். அவர் கொட்டையைச் சப்பியபடியே கேட்டார். சாறு மணிக்கட்டைத் தாண்டி வழிந்தது.

"புக்குல என்ன போட்டிருக்குதுங்க?"

"ஏழுங்க சார். ஆனா அது அச்சுத் தப்புங்க."

"செரி. அப்ப எத்தன பேருக்குத் தப்புப் போடோணும்?"

"இந்தப் புள்ளையத் தவிர எல்லாருக்குமுங்க."

அவர் சிரித்தார். பல்லிடுக்கில் நார் தொங்கியது.

"நீங்க கணக்கு மிஸ்ஸு தானுங்களே, நீங்களே போட்டுப் பாருங்க. எல்லாருக்கும் தப்புன்னா, பொழுது சாயறதுக்குள்ள அத்தன அப்பனும் வண்டியெடுத்துட்டு வந்து நிப்பான். ஒருத்திக்குன்னா ஒரு அம்மா தான் வரும். இந்தப் புள்ளையோட அப்பன் போர்வெல் போடற வண்டியில வடக்க கெடக்கறான். அந்தம்மாவுக்குச் சத்தமே வராது. எது லேசுங்க?"

ஒரு விடை தவறினாலும் வேக வகுப்பிலிருந்து இறக்கிவிடுவது விதி. இறக்கப்பட்டவர்கள் திங்கள் முதல் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் அமர்வார்கள். அந்த அறைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் கோழிக்கூண்டு. போன வாரம் இறங்கிய சிறுவனைப் பார்த்துத் தினமும் யாராவது கொக்கரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"புக்குப்படி போட்டுருங்க" என்று அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

சஷ்மிதாவின் பெயர்மீது அவருடைய கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது.

"சரிங்க சார்" என்றாள் அவள்.

கதவை மூடும்போது "நன்றிங்க சார்" என்றும் சொன்னாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

வகுப்பறைக்குத் திரும்பியபோது மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். சஷ்மிதா மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு தன் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். முன் வரிசை. மூன்றாவது மேசை. அதன் ஓரத்தில் தன் பெயரைச் சிறியதாக எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தாள்.

ஆசிரியை அருகே போய் அமர்ந்தாள். தாளை விரித்தாள்.

"கண்ணு, நீ போட்டது தான் சரி. புக்குல தான் தப்பு."

"தெரியுமுங்க மிஸ்."

"தெரியுமா?"

"எல்லாருக்குமே தெரியுமுங்க."

சிறுமி தாளையே பார்த்தாள். முகம் சிவந்தது.

"எனக்குத் தான் அவசரத்துல கை கூட்டிப் போட்டுருச்சுங்க மிஸ்."



சிறுமி பையைத் திறந்து ரப்பரை எடுத்தாள். இடது உள்ளங்கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பென்சிலால் எழுதிய 17-இல், பக்கத்து எண்ணில் பட்டுவிடாதபடி, 1-ஐ மட்டும் அழித்தாள். துகள்களை ஊதினாள். வெளிச்சத்தில் சாய்த்துத் தடம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. மறுபடி அழித்தாள்.

வெளியே ஸ்கூட்டியின் ஹாரன் ஒலித்தது.

சிறுமி எழவில்லை. ஆசிரியையின் கையிலிருந்த சிவப்புப் பேனாவை விட்டுக் கண் எடுக்கவும் இல்லை.

ஆசிரியை பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அந்த 7-க்குச் சரி என்று குறியிட்டாள்.

"ரொம்பத் தேங்ஸுங்க மிஸ்."

படியிறங்கும்போதும் சஷ்மிதா ஒருமுறை திரும்பி அதையே சொன்னாள்.